நான்கு முடிச்சுகளில் ஒன்றுக்குத்தான் நீதிபதி கட்டாயம்

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவர் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறார். மனைவி ஏற்காட்டில், நாகலூர்ப் பக்கம், காபித் தோட்டத்தில் வேலை பார்க்கும் பெற்றோரோடு இருக்கிறார். ஆறு வயது மகள் அம்மாவிடம் வளர்கிறாள். இருவரும் பிரிந்து ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. 2020 பிப்ரவரியில் கணவர் விவாகரத்து மனு போடுகிறார். மனைவி ஜீவனாம்சம் கேட்டு மனு போடுகிறார். மார்ச் கடைசி வாரத்தில் முதல் வாய்தா. இது நான் சேர்த்துக் கட்டிய குடும்பம்தான். ஆனால் இதன் ஒவ்வொரு துண்டையும் ஏதாவதொரு வழக்குக் கட்டில் நான் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 24 மாலை, கொரோனாத் தொற்றுக்கான ஊரடங்கில், ஊர் அடங்கியது. வாய்தா ஏப்ரலுக்குப் போனது, அங்கிருந்து ஜூனுக்கு, அதன் பிறகு தேதி குறிக்காமலே தள்ளிப்போனது. ஏப்ரல் 26 முதல் 28 வரை சேலம் மாநகரில் மளிகைக் கடையும் திறக்காத முழு ஊரடங்கு. பட்டறைகள் மூடிக் கிடந்தன. செப்டம்பரில் மாநிலத்துக்குள் இ-பாஸ் என்ற பயண அனுமதி தேவையில்லை என்று அறிவித்தபோதும் நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு ஆகிய மலைகளுக்குப் போக மட்டும் மாவட்ட ஆட்சியரின் இ-பாஸ் வேண்டும் என்றார்கள். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவு. அந்த வளைவுகளுக்கு மேலே இருக்கும் மகளைப் பார்க்க அப்பா மனு எழுத வேண்டியிருந்தது.

சட்டம் இந்தச் சூழ்நிலையைக் கண்டுகொள்ளாமல் இருக்கவில்லை. வழக்குத் தொடுக்கவும் மேல்முறையீடு செய்யவும் உள்ள காலக்கெடு 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரை ஓடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நீதிமன்றம் மூடியிருந்ததால் யாருடைய உரிமையும் செத்துப்போகவில்லை. ஆனால் பள்ளிக் கட்டணத்துக்கும் வீட்டு வாடகைக்கும் அந்த உத்தரவு பொருந்தாது. அவை மாதம் தவறாமல் வந்தன. அந்த நாட்களில் என்னிடம் வந்தவர்கள் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்: கோர்ட்டுக்குப் போகாமலே இதை முடித்துக்கொள்ள முடியாதா?

முடியும், பெரும்பகுதியை. எந்தப் பகுதி என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

விவாகரத்து வழக்கு என்று ஒரே பெயரில் சொல்கிறோமே தவிர, பிரித்துப் பார்த்தால் அதற்குள் நான்கு முடிச்சுகள் இருக்கின்றன. கல்யாண பந்தம் தொடர்வதா, முறிவதா என்பது ஒன்று. மாதச் செலவுக்கான பணம் இரண்டாவது. பிள்ளை யாரிடம் வளர்வது, மற்றவர் எப்போது பார்ப்பது என்பது மூன்றாவது. போட்ட நகை, சீர்ப் பாத்திரம், அட்வான்ஸ் கொடுத்த வீடு, சேர்ந்து வாங்கிய கடன் ஆகியவை நான்காவது. இவற்றில் முதல் முடிச்சை மட்டும் நீதிமன்றம்தான் அவிழ்க்க வேண்டும். கணவன் மனைவி என்ற நிலை ஊரறிந்த நிலை. இரண்டு பேர் கையெழுத்துப் போட்டு அதை அழித்துவிட முடியாது. மற்ற மூன்றையும் அவர்களே பேசி முடிவு செய்யலாம். சட்டம் அதைத் தடுப்பதில்லை, வரவேற்கவும் செய்கிறது. 1984-ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, சமரசத்துக்கு முயற்சி எடுப்பதை நீதிபதியின் கடமையாகவே வைத்திருக்கிறது.

ஆகவே நீதிமன்றம் திறக்கும்வரை நான்கு முடிச்சையும் அப்படியே வைத்துக் காத்திருக்கத் தேவையில்லை. தொற்றுக் காலத்தில் நான் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான். சண்டையில் இருக்கும் குடும்பங்கள் இதை நம்ப மறுப்பதையும் பார்த்தேன். "விவாகரத்துக்கு ஒத்துக்கொண்டால்தான் பாப்பாவைக் காட்டுவேன்" என்று ஒரு முடிச்சை இன்னொன்றோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். அப்படிக் கட்டியதைப் பிரித்து வைப்பதிலேயே பாதி வேலை முடிகிறது.

இங்கே ஓர் ஆபத்தைச் சொல்லியாக வேண்டும். நம் பக்கத்தில் "தீர்த்துவிடுவது" என்று ஒரு வழக்கம் உண்டு. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து, 20 ரூபாய் முத்திரைத்தாளில் "இன்று முதல் எங்களுக்குள் எந்தச் சம்பந்தமும் இல்லை" என்று எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கி, நோட்டரி முத்திரையும் குத்திவிடுவார்கள். விடுதலைப் பத்திரம் என்று அதற்குப் பெயர். நீதிமன்றம் மூடியிருந்த மாதங்களில் இதுதான் சுலபம் என்று பலருக்கும் தோன்றியது. அந்தத் தாள் கல்யாணத்தை முறிக்காது. அதை நம்பி ஒருவர் மறுமணம் செய்தால் அந்த மணம் சட்டப்படி செல்லாது. இருதார மணக் குற்றமாகவும் ஆகலாம். இரண்டாவதாக வந்த பெண் மனைவி என்ற இடமில்லாமல் நிற்பார். முதல் மனைவி குடும்ப ஓய்வூதியம் கேட்கும் நாளில் சிக்கல் வெளியே வரும். பல வருடம் கழித்து அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அழுதவர்களுக்கு என்னால் எந்த ஆறுதலும் சொல்ல முடிந்ததில்லை.

இதில் ஒரு விலக்கு இருக்கிறது; சேர்வராயன் மலை வாசகர்களுக்கு அது முக்கியம். இந்து திருமணச் சட்டம் 1955, தன் 2-ஆம் பிரிவிலேயே, மத்திய அரசு தனியாக அறிவித்தால் தவிர, பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்று சொல்கிறது. சேலம் மாவட்டத்து மலைகளில் வாழும் மலையாளிகள் (கேரளத்து மலையாளிகள் அல்லர்) அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். அவர்களுக்குள் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் வழக்கப்படி நடக்கும் மணமுறிவைச் சட்டம் ஏற்கலாம். ஆனால் அந்த வழக்கம் நெடுங்காலமாக, மாறாமல், தங்கள் சமூகத்தில் நடந்து வருகிறது என்பதை உரிமை கோருகிறவர் நிரூபிக்க வேண்டும். வாய்ச்சொல் மட்டும் போதாது. அதனால் வழக்கப்படி பிரிந்தவர்களும் அந்தப் பிரிவு செல்லும் என்று நீதிமன்றம் அறிவிக்கும் ஓர் அறிவிப்புத் தீர்ப்பு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது என்பேன். பட்டியல் பழங்குடியினருக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவசச் சட்ட உதவி உண்டு.

இனி, பேசித் தீர்ப்பது என்பது நடைமுறையில் எப்படி இருக்கும் என்று பார்ப்போம். இதற்குச் சமரசம் என்று பெயர். நடுவில் உட்காருபவர் சமரசர். அவர் தீர்ப்பு சொல்கிறவர் அல்லர். யார் மேல் தப்பு என்று அவர் கண்டுபிடிக்க மாட்டார். ஊர்ப் பஞ்சாயத்துக்கும் இதற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. பஞ்சாயத்தில் பத்துப் பேர் பேசுவார்கள், சம்பந்தப்பட்ட இருவர் தலைகுனிந்து நிற்பார்கள். சமரசத்தில் அந்த இருவர்தான் பேச வேண்டும். மிரட்டிக் கையெழுத்து வாங்கும் கட்டப் பஞ்சாயத்தை இந்தப் பெயரில் யாரும் அழைத்தால் நம்பாதீர்கள். தனிநபரை நியமித்து "நீங்கள் சொல்வதே தீர்ப்பு" என்று ஒப்படைக்கும் நடுவர் முறையும் இங்கே பொருந்தாது. விவாகரத்தையும் பிள்ளை வளர்ப்பு உரிமையையும் அந்த முறையில் முடிவு செய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது.

நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையம் என்ற ஏற்பாட்டில் நம் மாநிலம் முன்னோடி. 2005 ஏப்ரல் 9-ல் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தமிழ்நாடு சமரச தீர்வு மையம் தொடங்கியது. இன்று மாவட்டம்தோறும் மையங்கள் இருக்கின்றன. சேலத்தில் அஸ்தம்பட்டி ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்துக்குப் போனால் போதும். வழக்கு நடந்துகொண்டிருந்தால் நீதிபதியே அங்கே அனுப்பிவைப்பார், நாமும் கேட்கலாம். அங்கே சமரசருக்குக் கட்டணம் இல்லை.

முதலில் இருவரையும் சேர்த்து உட்கார வைப்பார்கள். யார் எதைப் பேசினாலும் வெளியே போகாது என்று சமரசர் சொல்வார். அது வெறும் சம்பிரதாயப் பேச்சு இல்லை. சமரசம் தோற்றால் நீதிபதிக்குப் போகும் தாளில் "முடிவு எட்டப்படவில்லை" என்ற ஒரு வரிதான் இருக்க வேண்டும், உள்ளே யார் என்ன சொன்னார் என்பது இருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. பிறகு தனித்தனியாக அழைத்துப் பேசுவார். உண்மை பெரும்பாலும் இந்தத் தனி அமர்வில்தான் வெளியே வரும். ஜீவனாம்சத்துக்காக ஆறு மாதம் மல்லுக்கு நின்ற கணவர், தனியாக இருக்கும்போது, "பணம் கொடுக்க மனசு இருக்கிறது சார், கொடுத்தால் தப்பை ஒத்துக்கொண்டதாக ஆகிவிடுமோ என்றுதான் பயம்" என்பார். அந்தப் பயம் தெரிந்தால் வழி பிறந்துவிடும். தப்பை ஒத்துக்கொள்ளாமலே பணம் கொடுப்பதாக ஒரு வரி எழுதினால் தீர்ந்தது.

தொற்றுக் காலத்தில் இந்தப் பேச்சு கைபேசிக்குள் போனது. குடும்ப வழக்கில் சமரசப் பேச்சு நடக்கும்போது காணொலி கூடாது, இருவரும் நேரில் இருக்க வேண்டும் என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு இருந்தது. முகத்தைப் பார்த்துப் பேசினால் மனம் இளகும் என்பது அதன் பின்னாலிருந்த நம்பிக்கை. ஊரே முடங்கியபோது குடும்ப வழக்குகளிலும் காணொலி விசாரணைக்கு அந்த நீதிமன்றமே அனுமதி தந்தது. நேரில் பேசுவதே மேல் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் பேசாமலே இருப்பதைவிடக் கைபேசி எவ்வளவோ மேல். மலையில் சிக்னல் கிடைக்கும் இடம் தேடி, காபிச் செடிகளுக்கு நடுவே பாறைமேல் உட்கார்ந்து தன் பிள்ளைக்காகப் பேசிய பெண்களை நினைத்தால் இன்றும் மரியாதை கூடுகிறது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். அறையில் வேறு யார் இருக்கிறார்கள் என்று சமரசர் முதலிலேயே கேட்க வேண்டும். ஸ்பீக்கரில் மாமியாரோ மாமனாரோ கேட்டுக்கொண்டிருந்தால் அந்தப் பெண்ணால் மனதில் இருப்பதைச் சொல்ல முடியாது.

ஒப்பந்தத்தில் என்ன எழுதுவது? வெளியே பேசித் தீர்ப்பதன் அருமை இங்கேதான் தெரியும் என்பதால் சற்று நின்று பார்ப்போம். நீதிபதி பொதுவாக ஒரு தொகையைச் சொல்லி, மாதம் ஐந்தாம் தேதிக்குள் கட்டு என்பார். நம் கொலுசுப் பட்டறைக்காரருக்கு மே மாதம் கூலியே இல்லை. தொகையைக் கேட்டதும் அவர் மேல்முறையீட்டுக்கு ஓடுவார், மனைவிக்கு ஒரு ரூபாயும் வராது. பேசினால் வேறு மாதிரி எழுதலாம். பட்டறை மூடியிருக்கும் மாதங்களில் 3,000 ரூபாய். பட்டறை திறந்த மாதத்திலிருந்து 7,000. விடுபட்ட வித்தியாசத்தை அடுத்த தீபாவளி போனஸில் பாதியாகவும் பொங்கலுக்குப் பாதியாகவும் கட்டுவது. பள்ளிக் கட்டணம் தனி. அதை அப்பா நேராகப் பள்ளியில் கட்டி ரசீதை அனுப்புவது. பணம் யார் கையிலும் கொடுக்காமல் மனைவியின் வங்கிக் கணக்கில் போடுவது, அதுவே பின்னால் சாட்சியாகும்.

பிள்ளையைப் பார்ப்பதிலும் இப்படித்தான். மாதத்தில் இரண்டு ஞாயிறு, காலை பத்து முதல் மாலை நான்கு வரை, ஏற்காடு ஏரிப் பூங்காவில் சந்திப்பது. கோடை விடுமுறையில் ஒரு வாரம் செவ்வாய்ப்பேட்டைப் பாட்டி வீட்டில். ஊரடங்கோ இ-பாஸோ வந்தால் அந்த ஞாயிறுக்குப் பதிலாக வீடியோ அழைப்பு, மாலை ஏழு மணிக்கு, அம்மா பக்கத்தில் நின்று குறுக்கிடாமல். 2020 ஜனவரியில், தொற்று இங்கே வருவதற்குச் சில வாரங்கள் முன்பு, உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் இதையே சொன்னது: நேரில் பார்க்கும் உரிமையோடு, தினமும் ஐந்து பத்து நிமிடம் பிள்ளையோடு பேசும் உரிமையும் பிரிந்திருக்கும் பெற்றோருக்கு வேண்டும், அதற்கு வீடியோ அழைப்பே சிறந்த வழி. ஒப்பந்தம் எழுதுகிறவர்கள் இந்தத் தீர்ப்பைத் தாராளமாக எடுத்துக்காட்டலாம்.

ஆனால் பெற்றோர் விட்டுக்கொடுக்க முடியாத ஒன்று இதில் உண்டு. "எனக்கும் பிள்ளைக்கும் இனி ஒன்றும் வேண்டாம்" என்று அம்மா எழுதிக் கொடுத்தாலும் பிள்ளையின் ஜீவனாம்ச உரிமை போகாது, அது பிள்ளையினுடையது. வளர்ப்பு உரிமையில் பெற்றோர் எப்படி ஒத்துக்கொண்டாலும், பிள்ளையின் நலனுக்குச் சரியில்லை என்று தோன்றினால் நீதிபதி மாற்றலாம். நகையும் சீதனமும் மனைவியின் தனிச்சொத்து என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுப்பதைப் பேரத்தின் ஒரு பகுதியாக வைப்பது நியாயமில்லை. எத்தனை சவரன், எந்த நகை, எந்தத் தேதியில், யார் முன்னிலையில் என்று பட்டியல் போட்டுவிட வேண்டும்.

எழுதி முடித்தாயிற்று. இந்தத் தாள் நாளை மீறப்பட்டால்? இந்த இடத்தில்தான் நீதிமன்றம் மறுபடி தேவைப்படுகிறது, முத்திரைக்காக. ஏற்கெனவே வழக்கு இருந்தால், ஒப்பந்தத்தைச் சமரச மையம் வழியாக நீதிபதிக்கு அனுப்பி, அதன்படியே தீர்ப்பாணை வாங்கலாம். வழக்கே போடவில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் ஒரு வெள்ளைத்தாளில் மனு கொடுத்தால் போதும். மக்கள் நீதிமன்றத்தில் வைத்து முடிப்பார்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி மக்கள் நீதிமன்றத்தின் முடிவுக்குச் சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணையின் மதிப்பு உண்டு, அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. விவாகரத்தை மட்டும் மக்கள் நீதிமன்றம் தராது. முதல் முடிச்சு என்று சொன்னேனே, அது. பணமோ சொத்தோ கேட்டு நீதிமன்றக் கட்டணம் கட்டிய வழக்கானால், வெளியே தாங்களாகவே பேசி முடித்தாலும் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்று, தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே, 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்திருக்கிறது.

முதல் முடிச்சுக்கு வருவோம். இருவரும் பிரிவதென்று ஒத்துக்கொண்டால் இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவில் பரஸ்பர சம்மத மனு. ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு போட்டபின் மறுபடி யோசிக்க ஆறு மாதம் கொடுப்பார்கள். இந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்ய 2017-ல் உச்ச நீதிமன்றம் வழி திறந்தது. அதற்கு வைத்த நிபந்தனைகளைப் படித்தால் இந்தக் கட்டுரை முழுவதும் எதைச் சொல்கிறது என்பது புரியும். மனுவுக்கு முன்பே ஒன்றரை வருடம் பிரிந்திருக்க வேண்டும், சேர்ந்து வாழ வைக்கும் முயற்சிகள் தோற்றிருக்க வேண்டும், ஜீவனாம்சம், பிள்ளை, மற்ற விஷயங்கள் எல்லாம் ஏற்கெனவே பேசித் தீர்க்கப்பட்டிருக்க வேண்டும். அதாவது வெளியே மற்ற மூன்று முடிச்சையும் அவிழ்த்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இந்த முதல் முடிச்சை நீதிபதி சீக்கிரம் அவிழ்க்கலாம். கிறித்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்குச் சட்டங்கள் வேறு. பேசித் தீர்க்கும் முறை எல்லோருக்கும் ஒன்றுதான்.

பேச்சு இழுத்துக்கொண்டே போகும்போது வயிறு காத்திருக்காது. இடைக்கால ஜீவனாம்ச மனுவை, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து கூடியவரை அறுபது நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். 2020 நவம்பர் 4-ல், தொற்றின் நடுவிலேயே, உச்ச நீதிமன்றம் இரண்டு முக்கியமான விஷயங்களைச் சொன்னது: ஜீவனாம்சத்தை மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கிட வேண்டும், இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். ஆகவே சமரசம் பேசப் போகிறவரும் மனுவை முதலில் போட்டு வைப்பதே புத்திசாலித்தனம். மனு போடுவதைப் பகையாக நினைக்க வேண்டாம். உத்தரவு வாங்கியபின் பாக்கி விழுந்தால், விழுந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வசூல் மனு போட வேண்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

எல்லோரையும் பேசித் தீர்க்கச் சொல்ல மாட்டேன். அடி விழும் வீட்டில் சமரசம் பேச எதுவுமில்லை. ஒருவருக்கு மற்றவர்மேல் பயம் இருந்தால், பிள்ளைக்குத் தீங்கு நடந்திருந்தால், வரதட்சணை கேட்டுத் துன்புறுத்தினால், முதலில் பாதுகாப்பு, பிறகுதான் மற்றதெல்லாம். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். 181 என்ற எண்ணில் அழைத்தால் பெண்களுக்கு உதவி கிடைக்கும், குழந்தைகளுக்கு 1098. "குடும்ப மானம்" என்று சொல்லி இத்தகைய வீட்டைப் பேச்சுவார்த்தைக்கு இழுத்துக்கொண்டு வரும் உறவினர்களிடம் நான் கோபப்பட்டிருக்கிறேன், இனியும் கோபப்படுவேன்.

மற்றவர்கள் அஸ்தம்பட்டிக்குக் கிளம்பும் முன் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கல்யாணப் பதிவுச் சான்று இருந்தால் அது, இல்லையென்றால் பத்திரிகையும் போட்டோவும்; பிள்ளையின் பிறப்புச் சான்று; ஆதார்; சம்பளச் சீட்டு அல்லது வங்கிக் கணக்கு; நகைப் பட்டியல். பெண்களும், பட்டியல் இனத்தவரும், மாற்றுத்திறனாளிகளும் வருமானச் சான்று இல்லாமலே இலவச வழக்கறிஞர் கேட்கலாம். போக முடியாதவர்கள் 15100 என்ற தேசியச் சட்ட உதவி எண்ணை அழைக்கலாம். கூட ஒருவர் போதும். வேன் வைத்து உறவினரைக் கூட்டிக்கொண்டு வர வேண்டாம். முந்தைய நாள் இரவு ஒரு தாளை எடுத்து நான்கு கட்டம் போட்டு, பந்தம், பணம், பிள்ளை, பொருள் என்று தலைப்பிட்டு, ஒவ்வொன்றின் கீழும் உங்களுக்கு உண்மையாகவே வேண்டியதை எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளையின் கட்டத்திலிருந்து ஆரம்பியுங்கள்.